இழப்புக்குப் பின் மீண்டும் ஒரு கர்ப்பம்: ‘ஏ.பி.எல்.ஏ. பாசிட்டிவ்’ என்று வந்தவர்களின் கேள்விகளும் பதில்களும்

தொடர் கருச்சிதைவைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்த பதிலைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பரிசோதனைச் சீட்டைப் பற்றியவையாக இருந்தன. ரத்தத்தை உறையத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகள் (எதிர்ப்புப் புரதங்கள்) உடலில் இருப்பதாகச் சொல்லும் அந்தச் சீட்டை மருத்துவமனைகளில் சுருக்கமாக ‘ஏ.பி.எல்.ஏ. பாசிட்டிவ்’ என்று குறிப்பிடுவார்கள். கடிதங்களை எழுதியவர்களில் பலர் ஒரு குழந்தையையேனும் இழந்தவர்கள் என்பதால், இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் அடையாளம் தெரியாதபடி கடிதங்களைச் சுருக்கியுள்ளோம்.

கேள்வி: எனக்கு 31 வயது, பள்ளி ஆசிரியை. முதல் கர்ப்பத்தில் 22ஆவது வாரம் ஸ்கேனுக்குப் போனபோது குழந்தைக்கு இதயத் துடிப்பு இல்லை என்றார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து உண்டான இரண்டாவது கரு 11ஆவது வாரத்தில் வளர்ச்சி நின்றுபோனது. இப்போது பார்க்கும் மருத்துவர் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ‘லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்’ இருப்பதாகவும், ‘ஆன்டிகார்டியோலிபின்’ அதிகமாக இருப்பதாகவும் வந்திருக்கிறது. 12 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும், அதுவரை கருத்தரிக்க வேண்டாம் என்கிறார். எனக்கு வந்திருப்பது லூபஸ் நோயா? இது ரத்தம் உறையாத கோளாறா, உறைகிற கோளாறா? நான் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போய் வந்ததாலும் பப்பாளி சாப்பிட்டதாலும்தான் இப்படி ஆனது என்று வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். சில இரவுகளில் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.
— வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: கடைசியில் எழுதியிருப்பதற்கு முதலில் பதில் சொல்கிறேன், சகோதரி. ஸ்கூட்டரில் போனதாலோ பழம் தின்றதாலோ 22ஆவது வாரத்தில் ஒரு குழந்தையின் இதயம் நிற்காது. உங்கள் ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடிகள் நீங்கள் வரவழைத்தவை அல்ல. எதைச் சாப்பிடாமல் இருந்திருந்தாலும், எவ்வளவு படுத்து ஓய்வெடுத்திருந்தாலும் அவை அங்கேதான் இருந்திருக்கும். இந்தப் பத்தியை வீட்டில் உள்ளவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.

பெயர் குழப்புவதில் வியப்பில்லை. இந்த ஆன்டிபாடி முதன்முதலில், உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் என்ற நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் கவனிக்கப்பட்டதாலும், ஆய்வகக் குழாய்க்குள் ரத்தம் உறையும் நேரத்தை இது நீட்டிவிடுவதாலும் ‘லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. குழாய்க்குள் உறைவைத் தாமதப்படுத்தும் அதே பொருள் உடலுக்குள் உறைவைத் தூண்டுகிறது. எனவே உங்களுடையது உறைகிற கோளாறுதான். இந்த ஆன்டிபாடி உள்ள பலருக்கு லூபஸ் நோய் வருவதே இல்லை. இருந்தாலும் மூட்டுவலி, முகத்தில் தடிப்பு, வாய்ப்புண், அதிகமாக முடி கொட்டுதல் ஆகியவை இருக்கின்றனவா என்று மருத்துவர் கேட்டு, லூபஸைக் கண்டறிய உதவும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. ஆன்டிகார்டியோலிபினுக்கு வேறொரு விளைவும் உண்டு. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எடுக்கப்படும் வி.டி.ஆர்.எல். என்ற பால்வினை நோய்ப் பரிசோதனையிலும் கார்டியோலிபின் பயன்படுவதால், நோய் இல்லாதபோதும் அந்தப் பரிசோதனை ‘பாசிட்டிவ்’ என்று வரக்கூடும். இதனால் கணவன் மனைவிக்கிடையே சந்தேகம் புகுந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி யாருக்காவது வந்தால், உறுதிசெய்யும் அடுத்த பரிசோதனையைச் செய்யாமல் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது.

லண்டனில் கிரகாம் ஹியூஸ் என்ற மூட்டியல் மருத்துவர் 1983இல் இதை ஒரு தனி நோயாக விவரித்தார். ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்ற பெயருடன் ஹியூஸ் சிண்ட்ரோம் என்ற பெயரும் இதற்கு வழங்குவது அதனால்தான். இது கர்ப்பத்தைக் கெடுப்பது எப்படி என்பதைப் பற்றிய நம் புரிதல் அன்றைக்கு இருந்ததைவிட இன்று விரிந்திருக்கிறது. நஞ்சுக்கொடியின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் உறைவு ஏற்பட்டு, குழந்தைக்குப் போகவேண்டிய ஆக்சிஜனும் சத்தும் குறைந்துபோவது ஒரு வழி. ஆனால் உறைவே காணப்படாத நஞ்சுக்கொடிகளிலும் சேதம் இருக்கிறது. கருப்பையின் சுவரில் நஞ்சுக்கொடியை வேரூன்றச் செய்யும் செல்களை இந்த ஆன்டிபாடிகள் நேரடியாகவே தடுக்கின்றன. அவ்விடத்தில் அழற்சியையும் உண்டாக்குகின்றன. முதல் சில வாரங்களிலேயே வேர் சரியாகப் பிடிக்காவிட்டால் கரு சீக்கிரம் கலைகிறது. அரைகுறையாகப் பிடித்திருந்தால் ஐந்தாம், ஆறாம், ஏழாம் மாதங்களில் குழந்தையின் வளர்ச்சி குன்றுவது, தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறுவது, வயிற்றிலேயே குழந்தை இறப்பது என்று வெளிப்படுகிறது.

12 வாரக் காத்திருப்பை வீண் என்று நினைக்காதீர்கள். சாதாரண வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகும், சில மருந்துகளாலும் இந்த ஆன்டிபாடிகள் சிறிது காலம் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். குறைந்தது 12 வார இடைவெளியில் இரண்டு முறையும் இருந்தால்தான் அவை நிலையானவை என்று கொள்ள வேண்டும் என்பது 2006 முதல் உலகெங்கும் மருத்துவர்கள் கைக்கொள்ளும் விதி. பார்க்கவேண்டிய ஆன்டிபாடிகள் மூன்று: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், ஆன்டி-பீட்டா-2 கிளைகோபுரோட்டீன். மூன்றாவது உங்கள் சீட்டில் இல்லை. மறுமுறை எடுக்கும்போது அதையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். மூன்றும் இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதால், அது தெரிந்தால் கண்காணிப்பும் அதற்கேற்பக் கூடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் முடிவு தவறாக வரலாம். ஆகவே ஊசி தொடங்குவதற்கு முன்பே இரண்டாம் பரிசோதனையை முடித்துவிடுவது எல்லா வகையிலும் நல்லது. காத்திருக்கும் மாதங்களில் ஆணுறையே போதும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை மட்டும் உங்களைப் போன்றவர்கள் ஒருபோதும் எடுக்கக் கூடாது, அது உறைவின் ஆபத்தைக் கூட்டும். ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதே தொடங்குங்கள். சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் இந்த இடைவெளியிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பரிசோதனையும் உறுதிசெய்தால், சிகிச்சை தெளிவானது. குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பெரும்பாலும் கருத்தரிக்க முயலும்போதே தொடங்கிவிடுவோம். சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் உறுதியான உடனோ, ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்தவுடனோ ஹெபாரின் ஊசி சேரும். ஆகவே நாள் தள்ளிப்போனால் ‘45 நாள் ஆகட்டும், யாரிடமும் சொல்ல வேண்டாம்’ என்று வீட்டில் வழக்கமாகச் சொல்வதைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள். ஊருக்குச் சொல்லவேண்டியதில்லை, மருத்துவருக்கு மட்டும் அந்த வாரமே சொல்லிவிடுங்கள். லண்டனில் நடந்து 1997இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த ஆன்டிபாடிகளோடு மீண்டும் மீண்டும் கரு கலைந்த 90 பெண்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆஸ்பிரின் மட்டும், மறு பிரிவுக்கு ஆஸ்பிரினுடன் ஹெபாரினும் கொடுத்தார்கள். ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 விழுக்காட்டினரும், இரண்டையும் எடுத்தவர்களில் 71 விழுக்காட்டினரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றார்கள். மீதியுள்ளவர்களை நான் மறைக்க விரும்பவில்லை. சிகிச்சை எடுத்தும் இழந்தவர்கள் அந்த ஆய்விலும் இருந்தார்கள், என் சிகிச்சையிலும் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த கர்ப்பத்தில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையைச் சேர்ப்பதுண்டு. முன்பு தாராளமாகக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டு மாத்திரைகளால் குறைமாதப் பிரசவமும் சர்க்கரை நோயும் கூடுவது தெரிந்தபின், இந்தக் காரணத்துக்காக மட்டும் அவற்றைக் கொடுக்கும் வழக்கம் போய்விட்டது.

கேள்வி: எனக்கு ஒரே ஒரு முறை ஏழாவது வாரத்தில் கரு கலைந்தது. ‘எம்.டி.எச்.எஃப்.ஆர்.’ என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது, அடுத்த கர்ப்பம் முழுக்க ஹெபாரின் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். ஏ.பி.எல்.ஏ. நெகட்டிவ். போட்டுக்கொள்ளட்டுமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தேவையில்லை என்பதே என் கருத்து. அந்த மரபணு மாற்றம் மிகச் சாதாரணமாகப் பலரிடம் காணப்படுவது. கருச்சிதைவுக்கு அதைக் காரணமாகச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, குரோமோசோம் எண்ணிக்கையில் தற்செயலாக நேரும் பிழையால் கலைபவை. பரம்பரையாக ரத்தம் உறையும் தன்மையும் தொடர் கருச்சிதைவும் உள்ள பெண்களுக்குக்கூட ஹெபாரின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் குழந்தைப்பேற்றில் வேறுபாடு இல்லை என்று 2023இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு காட்டிவிட்டது. இருந்தும் நம் ஊரில் ‘எதற்கும் போட்டுவைப்போம்’ என்று இந்த ஊசி எழுதப்படுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மாதக்கணக்கில் தினமும் ஊசி என்பது ஒரு குடும்பத்துக்குப் பெரிய செலவு. அதைவிட, உண்மையிலேயே தேவைப்படும் பெண்ணின் பேச்சையும் ‘எல்லோருக்கும் போடுவதுதானே’ என்று அலட்சியப்படுத்த அது இடம்தருகிறது.

கேள்வி: இப்போது 14ஆவது வாரம். தினமும் இரவு என் கணவர்தான் எனாக்ஸாபாரின் என்ற ஹெபாரின் வகை ஊசியைப் போடுகிறார். வயிறெல்லாம் நீலமாகக் கன்றிப்போயிருக்கிறது. ஊசி குழந்தைமேல் பட்டுவிடும் என்று அம்மா பயப்படுகிறார். கீரை சாப்பிடக் கூடாதா? ஊசியை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமா?
— வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: ஊசியின் நீளம் ஏறத்தாழ அரை அங்குலம்தான். அது தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் நின்றுவிடும்; தசையையே எட்டாதபோது கருப்பையை எப்படி எட்டும்? ஹெபாரினின் மூலக்கூறு நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது என்பதால்தான் கர்ப்பத்தில் இதைத் தேர்ந்தெடுக்கிறோம். இதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

கன்றுவது பெரும்பாலும் போடும் விதத்தால் கூடுகிறது. சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, தொப்புளிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி, வயிற்றின் பக்கவாட்டுத் தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மடித்துப் பிடித்து, ஊசியைச் சாய்க்காமல் நேராக முழுவதும் இறக்கி, மருந்தை மெதுவாகச் செலுத்த வேண்டும். மருந்து போய் முடியும்வரை மடிப்பை விடக் கூடாது. எடுத்தபின் தேய்க்கவே கூடாது. நம் கை தன்னால் தேய்க்கப் போகும், அதை அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். முன்கூட்டியே நிரப்பி வரும் சிரிஞ்சில் தெரியும் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டாம், அது அங்கே இருக்கவேண்டியதுதான். ஒரு நாள் இடப்பக்கம், மறுநாள் வலப்பக்கம் என்று மாற்றுங்கள். வயிறு பெரிதானபின் தொடையின் வெளிப்புறத்திலும் போடலாம் என்றாலும், அதை உங்கள் மருத்துவமனைச் செவிலியரிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜ் வேண்டாம், மருந்து உறைந்துவிடக் கூடாது. வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

கீரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் என்ற மாத்திரை எடுப்பவர்களுக்குத்தான் கீரையிலுள்ள வைட்டமின் கே சிக்கல் தரும். ஹெபாரினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. முருங்கைக்கீரையை ஒதுக்கிவிட்டு ரத்தசோகையோடு வரும் கர்ப்பிணிகளைப் பார்க்கும்போது, இந்த ஒரு வரியை யாராவது அவர்களுக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைப்பேன். நீண்ட நாள் ஹெபாரின் எலும்பின் வலுவைக் கொஞ்சம் குறைக்கக்கூடும் என்பதால் கால்சியம் மாத்திரையை விடாதீர்கள். ஊசி தொடங்கிய முதல் வாரங்களில் பிளேட்லெட் எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்தப்போக்கு ஏற்பட்டால் அடுத்த ஊசியைப் போடாமல் நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, விடாத தலைவலியோ பார்வை மங்கலோ மேல்வயிற்று வலியோ வந்தாலோ, அடுத்த செக்கப் தேதிவரை பொறுத்திருக்காதீர்கள்.

கேள்வி: ஹெபாரின் பன்றியிலிருந்து எடுக்கப்படுவதாக அறிந்தேன். நாங்கள் முஸ்லிம் குடும்பம். எனக்கு மூன்று குழந்தைகள் வயிற்றிலேயே போய்விட்டன. மருத்துவர் இந்த ஊசிதான் வழி என்கிறார். வேறு மருந்து உண்டா?
— வாசகி, காயல்பட்டினம்

பதில்: நீங்கள் அறிந்தது உண்மைதான், இப்போது கிடைக்கும் ஹெபாரினும் எனாக்ஸாபாரினும் பெரும்பாலும் பன்றியின் குடற்சவ்விலிருந்து பெறப்படுபவை. இதைக் கேட்டறிந்து முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மருத்துவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஃபோண்டாபாரினக்ஸ் என்ற ஊசி முழுக்க ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரிக்கப்படுவது. ஆனால் கர்ப்பத்தில் அதைப் பயன்படுத்திய அனுபவம் குறைவு. ஹெபாரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கே அதைப் பெரும்பாலும் தருகிறோம். சமயத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்ல நான் தகுதியுடையவள் அல்ல. உயிரைக் காக்க வேறு வழியில்லாத நிலையில் மார்க்கம் தரும் சலுகையைப் பற்றி நீங்கள் மதிக்கும் ஆலிமிடம், மருத்துவர் எழுதிக்கொடுத்த விவரத்துடன் கேளுங்கள். கேட்பதைக் கருத்தரிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கர்ப்பமானபின் ஒவ்வொரு வாரமும் முக்கியம்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலில் ரத்தம் உறைந்து, ஏ.பி.எல்.ஏ. இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து வார்ஃபரின் எடுக்கிறேன். திருமணமாகி ஆறு மாதம் ஆகிறது, குழந்தை வேண்டும்.
— வாசகி, சேலம்

பதில்: வார்ஃபரின் நஞ்சுக்கொடியைத் தாண்டும்; குறிப்பாக 6 முதல் 12 வாரத்துக்குள் குழந்தையின் எலும்பு, மூக்கு ஆகியவற்றின் உருவாக்கத்தைக் கெடுக்கும். அதற்காக நீங்களாக அதை நிறுத்திவிடவும் கூடாது, ஏனென்றால் உறைவு திரும்ப வந்தால் உங்கள் உயிருக்கே ஆபத்து. கருத்தரிக்கத் திட்டமிடுவதை இப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். நாள் தள்ளிய உடனே வீட்டிலேயே பரிசோதித்து, ஆறாவது வாரத்துக்கு முன்னரே முழு அளவு ஹெபாரினுக்கு மாறுவதா, கருத்தரிக்கும் முன்பே மாறிவிடுவதா என்பதை உங்கள் மாதவிடாய் ஒழுங்கைப் பார்த்து அவர் முடிவு செய்வார். ரிவராக்ஸாபான் போன்ற புதிய மாத்திரைகள் கர்ப்பத்துக்கும் உகந்தவை அல்ல, மூன்று ஆன்டிபாடிகளும் உள்ளவர்களுக்கு எந்தக் காலத்திலும் உகந்தவை அல்ல. உங்களுக்குத் தேவைப்படுவது மற்றவர்களுக்குப் போடும் தடுப்பு அளவு அன்று, எடைக்கேற்ற சிகிச்சை அளவு என்பதால், தோழியின் மருந்துச் சீட்டோடு உங்களுடையதை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்குச் சென்ற முறை 28ஆவது வாரத்தில் குழந்தை இறந்து பிறந்தது. அப்போதும் வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தோம். இப்போது ஆஸ்பிரினும் ஹெபாரினும் எடுத்துக்கொண்டு 26 வாரத்தில் இருக்கிறாள். ஸ்கேன் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் அவள் வளைகாப்பே வேண்டாம் என்கிறாள், குழந்தைக்கு ஒரு துணிகூட வாங்க விடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை, இரவெல்லாம் வயிற்றில் கை வைத்துக்கொண்டு விழித்திருக்கிறாள். ‘நல்லதே நினை’ என்று சொன்னால் அழுகிறாள். நான் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு தாய், மதுரை

பதில்: அம்மா, உங்கள் மகள் இந்தக் குழந்தையை வெறுக்கவில்லை. அவள் ஒருமுறை வளையல் அடுக்கக் காத்திருந்த கையோடு பிரசவ வார்டுக்குப் போய், வெறுங்கையோடு வீடு திரும்பியவள். இழப்புக்குப் பின் வரும் கர்ப்பத்தில் பெரும்பாலான பெண்கள் மகிழ்ச்சியை இப்படித்தான் தள்ளிவைத்துக்கொள்கிறார்கள். 28ஆவது வாரம் நெருங்க நெருங்க அவளுடைய பயம் கூடும். அந்த வாரத்தைக் கடந்தபின்பும் உடனே தணிந்துவிடாது. ‘நல்லதே நினை’ என்ற சொல், நினைக்கத் தவறினால் கெட்டது நடக்கும், அதற்கும் அவளே பொறுப்பு என்று அவள் காதில் விழுகிறது. அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். வளைகாப்பு வேண்டாம் என்றால் வேண்டாம். உறவினர்களிடம் அதைச் சொல்லும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டால், அதுவே அவளுக்குப் பெரிய பாரம் குறைந்ததுபோல. இறந்த குழந்தையைப் பற்றிப் பேச அவள் விரும்பினால் பேச்சை மாற்றாமல் கேளுங்கள். நம் வீடுகளில் அந்தக் குழந்தையைப் பற்றிய பேச்சையே எடுக்கக் கூடாது என்று இருப்பது தாயை மேலும் தனிமைப்படுத்துகிறது.

பயத்துக்குச் சொல்லால் சமாதானம் சொல்வதைவிட மருத்துவர் சொல்லும் உண்மையான தகவல் பயன்படும். இந்த நிலையில் நாங்கள் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை வளர்ச்சி ஸ்கேனும், குழந்தைக்கு ரத்தம் போகும் வேகத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் எடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் குழந்தையின் எடையையும் டாப்ளர் முடிவையும் அவளிடமே தெளிவாகச் சொல்லும்படி மருத்துவரைக் கேளுங்கள். சென்ற முறை நின்ற அந்த வாரத்தில் கூடுதலாக ஒரு முறை வந்து துடிப்பைக் கேட்டுவிட்டுப் போக அனுமதி கேட்டால், எந்த நல்ல மருத்துவரும் மறுக்க மாட்டார். குழந்தையின் அசைவு எப்போதும்போல் இல்லை என்று அவள் சொன்னால், நடுஇரவானாலும் ‘காலையில் பார்க்கலாம்’ என்று சொல்லாமல் அழைத்துச் செல்லுங்கள். அவள் சாப்பிடாமல், குளிக்காமல், வாழவே பிடிக்கவில்லை என்னும் நிலைக்குப் போனால் அது பயத்தைத் தாண்டிய நோய். மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். கர்ப்பத்தில் கொடுக்கத்தக்க மருந்துகள் இருக்கின்றன. 14416 என்ற அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களால் மட்டுமே முடிகிற ஒரு வேலை இருக்கிறது. முதுகில் மயக்க ஊசி போடவேண்டி வரலாம் என்பதால், தடுப்பு அளவு ஹெபாரினைப் பிரசவத்துக்கு 12 மணி நேரமாவது முன்னதாக நிறுத்துவார்கள். ஆகவே வலி தொடங்கியது போலிருந்தால் அன்றைய ஊசியைப் போடாமல் முதலில் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேளுங்கள். பிரசவம் ஆனதும் ஊசி முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ரத்தம் உறையும் ஆபத்து தாய்க்கு மிக அதிகமாக இருப்பது பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில்தான். வழக்கமாக ஆறு வாரம் ஹெபாரின் தொடர வேண்டும், தாய்ப்பால் கொடுக்க அது தடையில்லை. அந்த ஆறு வாரமும் அவள் உங்கள் வீட்டில்தான் இருப்பாள். மருமகன் வேலைக்குத் திரும்பியிருப்பார். பச்சை உடம்பு என்று அவளை அசையாமல் படுக்கவைக்காதீர்கள். மறுநாளே மெல்ல நடக்கவிடுங்கள், தண்ணீர் குறையாமல் கொடுங்கள். அடுத்த முறை ஸ்கேனுக்குப் போகும்போது நீங்களும் உடன் சென்று, ஊசி போடும் முறையைச் செவிலியர் முன்னிலையில் ஒருமுறை உங்கள் கையாலேயே போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். போட்ட ஊசிகளைச் சேர்த்துவைக்க மூடியுள்ள ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவையும் எடுத்துவையுங்கள்.